கல்பனாவின் மெழுகுச் சட்டி

லோகநாதனுக்கு மூக்கு போய் மூன்று வருஷம் ஆகிறது. மூக்கு முகத்தில்தான் இருக்கிறது, சளியும் பிடிக்கிறது, கண்ணாடியையும் தாங்குகிறது. வாசனை பிடிக்கும் வேலையை மட்டும் ராஜினாமா செய்துவிட்டது. ஒரு காய்ச்சல் வந்து, போகும்போது அதைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது.

முன்பெல்லாம் ஆரம்பாக்கம் ஸ்டேஷனில் இறங்கித் தெருமுனை திரும்பும்போதே இன்றைக்கு என்ன குழம்பு என்று சொல்லிவிடுவான். கும்மிடிப்பூண்டி கம்பெனியின் இரும்புத் தூசியை எட்டு மணி நேரம் இழுத்த மூக்கா இது என்று மனைவி கல்பனாவுக்குப் பெருமையாக இருக்கும். இப்போது எதைப் போட்டாலும் மாத்திரை விழுங்குகிற மாதிரி விழுங்கிவிட்டுத் தட்டைக் கழுவுகிறான். நன்றாக இருக்கிறதா என்று கேட்டால், "இருக்குது" என்பான்.

தினமும் விதவிதமான வாசனையை நிதானமாக முகர்ந்தால் மூக்கு ஒருநாள் விழித்துக்கொள்ளலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பாட்டிலைத் திறந்து முகர அவனுக்குப் பொறுமை இல்லை. வாசனை மெழுகுவத்தி செய்து ஏற்றினால் சும்மா உட்கார்ந்தே முகரட்டும் என்று கல்பனா முடிவு செய்தாள். அப்போதுதான் பரண்மேல் கிடந்த ஸ்லோ குக்கர் அவள் நினைவுக்கு வந்தது. ஆயுத பூஜைக் குலுக்கலில் கம்பெனியில் விழுந்த பரிசு அது. அதில் சோறு வேகுமுன் பசியே செத்துப்போகும் என்று மேலே ஏற்றியிருந்தாள். அந்த மந்தபுத்தி மெழுகுக்குத் தோதாக இருந்தது.

மதியத்தில் மெழுகுத் துண்டுகளை அதன் பீங்கான் சட்டியில் போட்டு மூடிவிட்டு, கண்ணாடி மூடிக்குள் பார்த்தபடியே உட்கார்ந்திருப்பாள். முதலில் துண்டுகளின் ஓரம் மங்கும். பிறகு ஒன்றன்மேல் ஒன்று சாயும். கடைசியில் சட்டியில் எதுவுமே இல்லாத மாதிரி தெளிந்து நிற்கும். ஜன்னலுக்கு வெளியே நாற்று அசைய அசைய, தான் தூங்குகிறோமா விழித்திருக்கிறோமா என்று அவளுக்குத் தெரியாது. அந்த மயக்கத்தில், தெருமுனையில் நின்று லோகநாதன் "கார கொழம்பு" என்று சொல்வது தெளிவாகக் கேட்கும். எழுந்து, வாசனை எண்ணெயைச் சொட்டுவிட்டு, திரி நிறுத்திய காபி டம்ளர்களில் ஊற்றுவாள்.

கிராம்பு, ஆரஞ்சு, மல்லிகை, யூகலிப்டஸ். மாலைக்கொன்றாக ஏற்றினாள். லோகநாதனும் சமர்த்தாகக் கண்ணை மூடிக்கொண்டு உட்காருவான்.

"ஒன்னியும் தெர்ல கல்பனா. வெளிச்சம் நல்லாகீது" என்பான்.

பெரியபாளையத்து அம்மனுக்கு வெள்ளியில் மூக்கு செய்து போடுவதாகவும் வேண்டிக்கொண்டாள்.

ஆவணியின் கடைசி ஞாயிறு வந்தது. இனி புரட்டாசி முடியும்வரை வீட்டில் கவிச்சி கிடையாது. மீன்காரி சின்னப்பொண்ணு பழவேற்காட்டு மடவை கொண்டுவந்தாள். பார்த்தால் குழம்புச் சட்டியில் விரிசல். மெழுகுச் சட்டியும் சட்டிதானே என்று கல்பனா அதைத் தேய்த்து, அதிலேயே குழம்பைக் கூட்டி வைத்தாள். மத்தியானம் முழுக்கக் கொதித்தது. பிறகு புளி போட்டு, சாம்பல் போட்டு, எலுமிச்சை போட்டு மூன்று தரம் கழுவினாள்.

புரட்டாசி முதல் சனிக்கிழமை. ரோஜா எண்ணெய் வாங்கி வைத்திருந்தாள். மெழுகு உருக உருக, உள்ளேயிருந்து மடவை எழுந்து வந்தது. இன்னும் நாலு சொட்டு ரோஜா விட்டாள். மீனுக்கு மாலை போட்ட மாதிரி ஆனதே தவிர, மீன் போகவில்லை.

கொட்டிவிடலாம் என்று சட்டியைத் தூக்கினாள். 'கெடக்கட்டும், அவருக்கு இன்னா தெரியப் போவுது' என்று ஒரு நினைப்பு வந்தது. வந்த பிறகுதான் அது என்ன நினைப்பு என்று உறைத்தது. சட்டியை இறக்கி வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதாள். இத்தனை வேண்டுதலுக்கும் நடுவில், தானே எப்போதோ நம்பிக்கையைக் கைவிட்டிருக்கிறோம் என்பது அவளுக்குத் தாங்கவில்லை. அழுது முடித்து டம்ளரில் ஊற்றினாள். வெளிச்சமாவது நன்றாக இருக்கட்டும்.

மாலையில் லோகநாதன் வந்தான். குளித்து, நாமம் இட்டு, சுடருக்கு முன்னால் உட்கார்ந்து கண்ணை மூடினான். தூரத்தில் சூளூர்ப்பேட்டை ரயில் போய்க்கொண்டிருந்தது. அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, பார்க்கக் கூசியது.

"இன்னா கல்பனா இது" என்றான். "பொரட்டாசி சனிக்கெழமையில மீன் கொழம்பு வச்சிக்கிறே?"

அவன் எழுந்து அடுப்பங்கரைக்குள் போய்விட்டான். சாம்பார், பொரியல், சர்க்கரைப் பொங்கல் என்று ஒவ்வொரு மூடியாகத் திறந்தான்.

"எங்க ஒளிச்சி வச்சிக்கிறே? பெருமாளு கண்ணக் குத்திடுவாரு."

அவள் எரிகிற டம்ளரைத் துணியால் பிடித்துக்கொண்டு அவன் பின்னாலேயே போய் நின்றாள்.

"இன்னா மீனுன்னு சொல்லுங்க" என்றாள்.

"மடவ" என்றான், கோபமாகவே.

சொன்ன பிறகுதான், கையிலிருந்த மூடியோடு அப்படியே நின்றான்.