முன்கடை மேஜை

முன்கடையில் ஒரு மேஜை போடப்போகிறேன் என்று முதலாளி சொன்ன அன்றைக்கே அது என் மேஜை என்று முடிவு செய்துவிட்டேன். வேறு யாருக்கு உரிமை இருக்கிறது? இருபத்திரண்டு வருஷமாகப் பின்னால் உள்ள பட்டறையில் மரம் அறுக்கிறேன். இந்தக் கடையில் விற்ற கட்டில், அலமாரி, நாற்காலியில் பாதி என் கைவழியாகப் போனது. இடது ஆள்காட்டி விரலில் பாதியை ரம்பத்துக்குக் கொடுத்திருக்கிறேன். அதனால் பட்டறையில் எனக்கு ஒன்பதரை என்று பேர்.

முதலாளி சொன்னது இதுதான்: "இப்ப வர்றவங்க எல்லாம், செஞ்சா எப்படி இருக்கும்னு வரைஞ்சு காட்டச் சொல்றாங்க. அவங்க கண்ணு முன்னாடியே வரையணும். யாரு கத்துக்கிட்டு வந்தாலும் சரி, மாசக் கடைசியில அந்த மேஜை அவங்களுக்கு."

மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து பார்க்கிற வேலை. குனிய வேண்டாம், தூக்க வேண்டாம், தூசி தின்ன வேண்டாம். மண்டி போட்டால் எழுந்திருக்க ஒரு ஆள் துணை தேடுகிற முழங்கால் என்னுடையது. எனக்கு அந்த மேஜை வேண்டும்.

நூலகத்து மாடியில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓவிய வகுப்பு நடப்பதாகக் கேள்விப்பட்டுப் பேர் கொடுத்தேன். என் மனைவியும் எங்கள் பட்டறையில்தான் வேலை செய்கிறாள். நான் செய்து தருவதை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து பாலிஷ் பூசுவது அவள். நானும் வருகிறேன் என்றாள்.

"நீ எதுக்கு?"

"நீ ஜாலியா படம் போடப் போவ, நான் வீட்டுல உக்காந்து உன் சட்டைக்குப் பொத்தான் தைக்கணுமா? வந்து ஒரு மூலையில சும்மா இருக்கேன்."

சும்மா இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு வயிற்றெரிச்சல் வந்திருக்காது.

சொல்லித்தந்தது கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிற ஒரு பெண். எங்களைவிடப் பத்து வயதாவது சிறியவள். வாசலிலேயே ஒரு தகர டப்பாவை நீட்டினாள். ஸ்கேல், ரப்பர் எல்லாவற்றையும் அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

"போட்ட கோட்டை அழிக்காதீங்க. தப்பா வந்தா அது இருந்துட்டுப் போகுது, பக்கத்துலயே இன்னொண்ணு போடுங்க," என்றாள்.

என்ன பேச்சு இது? மரத்தில் ஒரு கோடு தப்பினால் ஒரு பலகை போச்சு. மூலைமட்டம் வைக்காமல் நான் ஒரு சாண் கோடுகூடக் கிழித்ததில்லை. சட்டைப் பையில் ரப்பர் ஒன்றை ஒளித்துவைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

நடுவில் ஒரு நாற்காலியை வைத்து வரையச் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வந்தது. நாற்காலியை எனக்குக் காட்டுகிறாள். அரை மணி நேரம் மயிரிழை மயிரிழையாகக் கோடு இழுத்தேன், அழித்தேன், மறுபடி இழுத்தேன். கடைசியில் வந்து நின்றதைப் பார்த்தால், யாரோ பின்னாலிருந்து எட்டி உதைத்து முன்பக்கம் விழப்போகிற நாற்காலி.

போர்டு எழுதுகிற பெண் குனிந்து பார்த்தாள். "அண்ணே, பின்னங்கால் ரெண்டும் பார்வைக்குக் குட்டையாத்தானே தெரியுது? நீங்க நாலையும் ஒரே உயரமா போட்டிருக்கீங்க."

"தெரியும்மா. ஆனா குட்டையா வெச்சா நாற்காலி ஆடும்ல."

"பேப்பர்ல யாரும் உக்காரப் போறதில்லண்ணே."

வகுப்பே சிரித்தது. என் மனைவியும் சிரித்தாள். மற்றவர்கள் சிரித்தது அப்போதே மறந்துவிட்டது.

பிறகுதான் அவள் தாளைப் பார்த்தேன். மூலையில் சும்மா இருக்க வந்தவளுக்கும் யாரோ ஒரு தாளைக் கொடுத்திருக்கிறார்கள். பத்துப் பதினைந்து கோடுதான் இருக்கும். சிலது தப்பு, அதன் பக்கத்திலேயே சரியானது. ஆனால் நாற்காலி தரையில் நின்றது. உட்காரலாம் போல நின்றது.

"அக்கா, இதுக்கு முன்னாடி கத்துக்கிட்டிருக்கீங்களா?"

"பென்சிலைப் புடிச்சே இருபது வருஷம் இருக்கும்மா."

"கை தோள்லேருந்து வருது உங்களுக்கு. நிறைய பேருக்கு விரல்லேருந்துதான் வரும்."

எனக்கு விளங்கிவிட்டது. பாலிஷ் துணியை இந்த முனையில் வைத்தால் அந்த முனைவரை ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். நடுவில் யோசித்து நின்றால் அந்த இடத்தில் திட்டு விழும். பதினாலு வருஷமாக அவள் கைக்கு நிற்கத் தெரியாது. என் கைக்கோ ஒவ்வொரு அரை அங்குலத்துக்கும் நின்று அளந்து பார்த்தால்தான் நிம்மதி.

வீட்டுக்கு வருகிற வழியில் படம் வரைகிற நோட்டு ஒன்று வாங்கினாள். எனக்கும் ஒன்று வாங்கவா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன்.

அடுத்த ஞாயிறு ஜாடி. அதற்கடுத்த ஞாயிறு ஜன்னல். அவள் நோட்டு நிறைந்துகொண்டே வந்தது. செருப்பு, குக்கர், நான் வாயைத் திறந்துகொண்டு தூங்குவது என்று எதையும் விட்டுவைக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரி வந்து பார்த்துவிட்டு, "அப்படியே அண்ணன் குறட்டை விடுற சத்தம் கேக்குது," என்றாள். நானும் சிரித்தேன். பல்லைக் கடித்துக்கொண்டும் சிரிக்க முடியும்.

மறுநாள் காலையில் அவள் தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில் அந்த நோட்டை எடுத்து அலமாரிக்கு மேல், பழைய பெட்டிக்குப் பின்னால் தள்ளினேன். இதைச் செய்தவன் நான்தான். வேறு காரணம் எதுவும் சொல்லப்போவதில்லை.

"நோட்டைப் பாத்தியா?"

"எந்த நோட்டு?"

ஒரு நிமிஷம் என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் தேடவில்லை. நோட்டு இல்லாவிட்டால் விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். அவள் தேய்ந்துபோன உப்புத்தாள்களின் பின்பக்கத்தில் வரைய ஆரம்பித்துவிட்டாள். சாப்பாட்டு இடைவேளையில் மரத்தூள்மேல் உட்கார்ந்து பழுப்புத் தாளில் பென்சிலை ஓட்டுவாள். மணி அடித்ததும் தாளைத் தன் வேலைப்பெட்டியில் போட்டுவிட்டு எழுந்துவிடுவாள்.

அந்த வாரமே முதலாளி ஒரு இழுப்பறை இறுக்கமாக இருக்கிறது, தேய்க்க வேண்டும் என்று உப்புத்தாள் எடுக்க அவள் பெட்டியைத் திறந்தார். கையில் வந்தது அவரே. ஃபோனைக் காதில் இடுக்கிக்கொண்டு, தொப்பையைக் கல்லாமேல் இறக்கிவைத்துக்கொண்டு நிற்கிற அவர்.

செத்தாள் என்று நினைத்தேன். சந்தோஷமாகத்தான் நினைத்தேன்.

"யார் வரைஞ்சது இது?" என்றார். அவர் தாளைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். "தொப்பையை இன்னும் கொஞ்சம் கம்மி பண்ணியிருக்கலாம்," என்று சொல்லிவிட்டு, வயிறு குலுங்கச் சிரித்தார். பெட்டியில் இருந்த மிச்சத் தாள்களையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார்.

"முதலாளி, நானும் கிளாஸுக்குப் போறேன்," என்றேன். என் குரல் எனக்கே சின்னப் பிள்ளை குரல் மாதிரி கேட்டது.

"அப்படியா மேஸ்திரி? நாளைக்கு ஒரு அம்மா வர்றாங்க. ரெண்டு பேரும் வரைங்க, பார்ப்போம்."

வந்தவர் முடிதிருத்தும் கடை வைத்திருக்கிற ஒரு பெண்மணி. காத்திருப்பவர்கள் உட்கார மூலையில் ஒரு நீள இருக்கை வேண்டுமாம். நான் முதலில் நீளம் கேட்டேன், அகலம் கேட்டேன், சுவரிலிருந்து ஜன்னல் எவ்வளவு தூரம் என்று கேட்டேன். ஸ்கேலை வைத்து இழுத்தேன். தப்பாகப் போனது. ரப்பரை எடுத்தேன். அழித்த இடத்திலேயே மறுபடி அழித்ததில் தாள் கிழிந்து அடியில் வைத்திருந்த பலகை தெரிந்தது.

அவள் அந்த அம்மாவிடம் பேசிக்கொண்டே வரைந்தாள். "உங்க கடையில கூட்டம் எப்ப வரும்? பிள்ளைங்களைக் கூட்டிட்டு வருவாங்களா? அப்ப இந்தப் பக்கம் கொஞ்சம் தாழ்வா வெச்சுக்கலாம்." பேச்சு முடியுமுன் இருக்கை முடிந்துவிட்டது. அதில் ஒரு பெண் பத்திரிகை படித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இதுதாங்க எனக்கு வேணும்," என்றார் அந்த அம்மா. என் தாளை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கிழிசலைப் பார்த்திருந்தாலாவது திட்டியிருக்கலாம்.

"நடுவுல தாங்கு கட்டை இல்ல," என்றேன் நான். "இப்படிச் செஞ்சா ஆறே மாசத்துல தொங்கிடும்."

"அதுக்குத்தானேய்யா நீ இருக்க," என்றார் முதலாளி. "அவங்க வரையட்டும், நீ தொங்காமப் பாத்துக்க."

அவ்வளவுதான். மறுநாள் காலை முன்கடையில் மேஜை போட்டார்கள். நான் செய்த மேஜை.

அன்று ராத்திரி வீட்டில் சாப்பிட உட்கார்ந்தேன். அவள் அலமாரிமேல் இருந்து பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தாள். பெட்டிக்குப் பின்னால் கையை விட்டு நோட்டை எடுத்தாள். தூசி தட்டினாள்.

"கால் முளைச்சு மேல ஏறியிருக்கு பாரேன்."

நான் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

"வேண்டாம்னு சொல்லிடட்டுமா முதலாளிகிட்ட?" என்று கேட்டாள்.

சொல் என்று வாய்வரை வந்தது. அவளே பதிலையும் சொல்லிவிட்டாள். "சொல்ல மாட்டேன். சும்மா கேட்டுப் பார்த்தேன். உனக்கு முட்டி வலின்னா எனக்கு நெஞ்சு. பதினாலு வருஷமா அந்த பாலிஷ் நெடியைத்தான் மூச்சா இழுக்குறேன். ராத்திரி நான் இருமுறது உனக்குக் கேட்டதே இல்லையா?"

"கேக்கும்."

"கேட்டு?"

திரும்பிப் படுத்துக்கொள்வேன். அதைச் சொல்லவில்லை. அவள் சொன்னது நியாயம்தான். ஆனால் நியாயம் தெரிந்தால் வயிற்றெரிச்சல் அடங்கிவிடும் என்று யார் சொன்னது? எனக்கு அடங்கவில்லை. இன்னும் கொஞ்சம் ஏறியது. திட்டுவதற்குக்கூட வழி இல்லாமல் செய்துவிட்டாள்.

அந்த வாரம் முழுக்கப் பட்டறையிலிருந்து முன்கடையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இழைப்புளி தள்ளுகிற நேரம் எல்லாம் கண் அங்கேதான். மேஜையின் இந்தப் பக்க விளிம்பு எங்கே வருகிறது, அந்தப் பக்க விளிம்பு எப்படிச் சுருங்கிப் போகிறது, பென்சில் டப்பா எவ்வளவு தள்ளி நிற்கிறது, மின்விசிறிக் காற்றில் தாள் எந்த மூலையில் தூக்குகிறது. எல்லாம் மனப்பாடம். சொந்தக் கல்யாணத்தில்கூட நான் எதையும் அப்படி உற்றுப் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை கடையில் கூட்டம் அதிகம் என்று அவளை வரச் சொல்லிவிட்டார் முதலாளி. வகுப்புக்கு நான் தனியாகப் போனேன்.

போர்டு எழுதுகிற பெண் டப்பாவை நீட்டி, அக்கா எங்கே என்று கேட்டாள். கடையில் அவளுக்கு வரைகிற மேஜை கிடைத்துவிட்டது என்றேன். பையில் இருந்த ரப்பரையும் எடுத்துப் போட்டேன். "இன்னிக்கு எது வேணும்னாலும் வரையலாம்," என்றாள்.

உட்கார்ந்தேன். வேறு எதுவும் தோன்றவில்லை. மேஜையைத்தான் வரைந்தேன். முதல் கோடு கோணல். அது கிடக்கட்டும் என்று பக்கத்திலேயே இன்னொன்று போட்டேன். கண்ணுக்குள் மேஜை நின்றது, அளக்க நேரமில்லை, கை நிற்காமல் போனது. பென்சில் முனை இரண்டு தடவை உடைந்தது. அவ்வளவு கோபமாக அழுத்தியிருக்கிறேன். மேஜை, டப்பா, மின்விசிறி, பின்னால் நாற்காலி. எல்லாம் வந்தது. நான் தாளைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. அவள் படத்தின் அளவுக்கு இல்லை. அதுவும் எனக்குத் தெரிந்தது.

அந்தப் பெண் வந்து தோளுக்கு மேலாகப் பார்த்தாள்.

"அண்ணே, இது அக்காவோட மேஜைதானே? எல்லாம் போட்டிருக்கீங்க, நாற்காலி காலியா இருக்கு. ஆள் எங்க?"

"அங்க யாரு உக்காரணுங்குறது இன்னும் முடிவாகலம்மா," என்றேன். "இன்னொரு தாள் குடு."