உதவி ஆசிரியை

பேர்னில் இருந்து தொலைபேசி வந்தபோது வேணுகா சுவிஸின் பீல் நகர ரயில் நிலையத்துக்கு முன்னால் பேருந்துக்கு நின்றுகொண்டிருந்தாள். பேசியவர் கெர்பர் அம்மையார். ஆசிய நாடுகளுக்கு ஆங்கில ஆசிரியர்களை அனுப்பிவைக்கும் சின்ன நிறுவனம் ஒன்றின் பொறுப்பாளர். குரலில் தேன் ஒழுகியது. அப்போதே வேணுகா உசாராகியிருக்க வேண்டும்.

கம்போடியாவில் பட்டம்பாங் என்ற ஊரில், ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் ஒரு வருடம் ஆங்கிலம் படிப்பிக்க அவளைத் தெரிவு செய்திருந்தார்கள். எல்லாம் முடிவாகி, கடைசிச் சடங்காகப் பள்ளிக்கூட அதிபர் இரண்டு நாளுக்கு முன் ஸ்கைப்பில் அவளைப் பார்த்தார். பார்த்தார் என்பதுதான் சரி. பேசினார் என்று சொல்ல முடியாது, ஏனென்றால் அவர் கேட்டது இரண்டே கேள்விகள். நீங்கள் உண்மையிலேயே சுவிஸ்காரியா? அப்படியானால் உங்கள் அப்பா அம்மா எந்த நாட்டவர்?

இப்போது கெர்பர் அம்மையார் சுற்றி வளைத்துச் சொன்னதன் சாரம் இதுதான். அந்த ஊரில் பெற்றோர் காசு கட்டிப் பிள்ளைகளை அனுப்புகிறார்கள். ஐரோப்பிய ஆசிரியை வருவார் என்று பள்ளிக்கூடம் அவர்களுக்குச் சொல்லிவிட்டது. வேணுகாவைக் கொண்டுபோய் நிறுத்தினால் அவர்களுக்கு விளங்காது. தனக்கு இதில் உடன்பாடே இல்லை, ஆனாலும் அவர்கள் கேட்பதைத்தானே கொடுக்க முடியும்? ஆகவே ஒரு நல்ல ஏற்பாடு செய்திருக்கிறார். துன் நகரத்து லெயோனி வகுப்பாசிரியையாகப் போவாள். வேணுகா அவளுக்கு உதவி ஆசிரியை. வரவு எழுதலாம், பாடத்தாள்களைப் பிரதி எடுக்கலாம், சின்னப் பிள்ளைகளை விளையாட விடலாம். யோசித்து அடுத்த திங்கட்கிழமைக்குள் சொன்னால் போதும்.

வேணுகாவுக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை பற்றி எரிந்தது. லெயோனிக்கு இருபது வயது. போன வருடம்தான் பள்ளிக்கூடம் முடித்தவள். ஓல்டனில் நடந்த ஆயத்த வகுப்பில் ஒரு பாடத்தை எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் அழுகிற நிலையில் நின்றவளுக்குப் பக்கத்தில் இருந்து எழுதிக் கொடுத்ததே வேணுகாதான். லெயோனி கெட்ட பிள்ளை இல்லை. அதுதான் இன்னும் எரிச்சல். கெட்டவளாக இருந்தால் திட்டியாவது ஆறலாம்.

வேணுகா பீலில் பிறந்தவள். பேர்ன் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் படித்து, பக்கத்து ஊரான லீஸில் நாலு வருடம் ஆங்கில ஆசிரியையாக இருந்தவள். கம்போடியாவை நம்பி ஏப்ரல் கடைசியில் அந்த வேலையை விட்டுவிட்டாள். அந்த இடத்துக்கு வேறு ஆளும் எடுத்தாகிவிட்டது. இருந்த வீட்டையும் ஜூலையில் இன்னொருவருக்குக் கொடுக்க ஒப்புக்கொண்டுவிட்டாள். அரசனை நம்பிப் புருசனைக் கைவிட்ட கதை. தோல் வெளுத்தவள் வாயைத் திறந்தால் ஆங்கிலம் தானாகக் கொட்டும் என்று நம்புகிற அந்த அதிபர் மீதும், அவரைக் கைகாட்டிவிட்டு நல்ல பிள்ளையாக நிற்கிற இந்த அம்மையார் மீதும் அவளுக்கு ஒரே அளவு ஆத்திரம். தொலைபேசியை வைத்துவிட்டு நேரே அப்பா வீட்டுக்குப் போனாள்.

அவளுடைய அப்பா குகநாதன் எண்பத்தைந்தாம் ஆண்டில் அகதியாக வந்து, ஹோட்டல் குசினிகளில் பாத்திரம் கழுவி, பிறகு சமையற்காரராகி ஓய்வை எட்டிக்கொண்டிருப்பவர். பீல் தமிழ்ச் சங்கத்துக்குப் பத்துப் பன்னிரண்டு வருடமாக அவர்தான் செயலாளர். மகள் சொன்னதைக் கேட்டதும் மனுசன் கதிரையை விட்டு எழும்பிவிட்டார்.

"என்ர பிள்ளையின்ர தோலைப் பாத்தோ வகுப்புக் குடுக்கினம்? இதை நான் சும்மா விடமாட்டன்."

அப்பாவின் கோபம் அவளுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. அன்றைக்கே இருவரும் உட்கார்ந்து கெர்பர் அம்மையாரின் நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். ஜெர்மன் மொழியில் வேணுகா எழுத, அப்பா பக்கத்தில் இருந்து காரம் சேர்த்தார். ஒருவரின் தகுதியை அவர் முகத்தில் தேடுவது வெட்கக்கேடு, பெற்றோரின் அறியாமைக்குப் பணிந்து போகிற நிறுவனம் அந்த அறியாமையை விற்றுப் பிழைக்கிறது என்றெல்லாம் கடிதம் கொதித்தது. ஞாயிற்றுக்கிழமை சங்க மண்டபத்தில் கூட்டம் வைத்து எல்லாரிடமும் கையெழுத்து வாங்குவது என்று அப்பா முடிவு செய்தார்.

கூட்டத்துக்கு நாற்பது பேர் வரை வந்தார்கள். வேணுகாவை அங்கே தெரியாதவர்கள் இல்லை. பத்தொன்பது வயதில் இருந்து ஒன்பது வருடமாக அதே மண்டபத்தின் மேல்மாடியில் சங்கத்தின் சனிக்கிழமை ஆங்கில வகுப்பை நடத்துபவள் அவள். அப்பா கடிதத்தைத் தமிழில் விளக்கிச் சொல்லச் சொல்ல, ஆண்கள் பல்லைக் கடித்தார்கள். தங்களுக்கு வேலையிடங்களில் நடந்ததை ஆளாளுக்குச் சொன்னார்கள். கடிதம் கைமாறிக் கைமாறிப் போனது. வாசிக்காமலே வைத்தவர்கள்தான் அதிகம்.

வாசித்தவர் ஒருவர் இருந்தார். மூன்றாம் வரிசையில் இருந்த சிவகலா. யாழ்ப்பாணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பதினொரு வருடம் ஆங்கிலம் படிப்பித்தவர். போர்க் காலத்தில் இங்கே வந்து, இப்போது ஒரு கடிகாரத் தொழிற்சாலையில் பாகங்கள் பொருத்துகிறார். எல்லாரும் அவரை ரீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். வேணுகாவுக்கு மட்டும் அன்ரி. அவர் கடிதத்தை முதல் வரியில் இருந்து கடைசி வரி வரை வாசித்தார். பிறகு மேலிருந்து இன்னொருதரம் வாசித்தார். கையெழுத்து வைக்காமல் பக்கத்து ஆளிடம் கொடுத்துவிட்டார்.

அப்பா கண்டுவிட்டார். பேனை எழுதவில்லையா என்று முன்னால் நின்றபடியே கேட்டார்.

"பேனை எழுதுது, அண்ணை. கடிதமும் நல்ல கடிதம், ஒரு பிழையும் இல்லை. ஒன்பது வருசத்துக்கு முதல் எனக்காகவும் ஆராவது இப்பிடி ஒண்டு எழுதியிருந்தா நானும் இண்டைக்கு வைப்பன்."

அப்பாவின் முகம் கறுத்தது. பழையதுகளை இப்போது கிளறி என்ன பயன் என்றார். ரீச்சர் எழும்பவும் இல்லை, குரலை உயர்த்தவும் இல்லை. சனிக்கிழமை ஆங்கில வகுப்பைத் தொடங்கியது தான்தான் என்றார். ஒரு தவணைதான் நடந்தது. பிள்ளைகளுக்கு ஊர் இங்கிலிஷ் தொற்றிவிடும் என்று சில பெற்றோர் முறைப்பாடு செய்ய, இங்கே பிறந்த பிள்ளை ஒன்றைப் போட்டுவிட்டுத் தன்னை உதவிக்கு நிற்கச் சொன்னது செயலாளர்தான் என்றார். உதவி என்றால், வரவு எழுதுவதும் பிரதி எடுப்பதும்.

அப்பா வியர்த்தார். ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை.

"ரீச்சர், அது நிறம் பாத்த விசயம் இல்லை. காசு கட்டிற சனம் அப்பிடிக் கேட்டது. சனம் கேக்கிறதைத்தானே சங்கம் செய்யலாம்?"

இந்த வசனத்தை வேணுகா இந்தக் கிழமையில் இரண்டாம் முறை கேட்கிறாள். முதலில் பேர்ன் ஜெர்மன், இப்போது யாழ்ப்பாணத் தமிழ். ஊருக்கடி உபதேசம் உனக்கில்லையடி கண்ணே என்று சும்மாவா சொன்னார்கள்! பக்கத்தில் இருந்து, கடிதத்தில் காரம் போதாது போதாது என்று சேர்த்த மனுசன் இவர். அறியாமையை விற்றுப் பிழைப்பது என்ற வரியே அவருடையது. அதைச் சொல்லும்போது இந்த ரீச்சரின் முகம் அவருக்கு ஒரு கணமாவது ஞாபகம் வந்ததா?

"அந்த மனுசியும் என்னட்டை இதைத்தான் சொன்னது, அப்பா."

அப்பா அவளை அடிக்கிற மாதிரிப் பார்த்தார். அது வேறு இது வேறு என்று பின்வரிசையில் யாரோ தொடங்கினார்கள். ரீச்சரை ஆர் வேண்டாம் என்றது, அவரைக் கும்பிடத்தானே செய்கிறோம் என்று இன்னொருவர். வேணுகா போய்க் கடிதத்தை வாங்கினாள். முப்பத்தாறு கையெழுத்து இருந்தது. அதை மடித்துப் பைக்குள் வைத்து, இது போகாது, நாளைக்கு என் பெயரில் மட்டும் ஒரு கடிதம் போகும், உதவி ஆசிரியையாக நான் போகமாட்டேன் என்று சொன்னாள். சங்கம் யாருக்காவது கடிதம் எழுத ஆசைப்பட்டால் முதலில் ரீச்சரிடம் மன்னிப்புக் கேட்டு எழுதட்டும் என்றாள். அப்பா முன்னுக்கு வந்து வாயை மூடு என்று பல்லுக்குள் சொன்னார். அவள் மூடவில்லை. செயலாளரின் மகள் செயலாளரை நாற்பது பேருக்கு முன்னால் கேள்வி கேட்பது பீலில் அதுதான் முதல் தடவை.

அதற்குள் சிவகலா மேலங்கியைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். வேணுகா பின்னால் ஓடினாள். பேருந்துத் தரிப்பிடத்தில்தான் பிடிக்க முடிந்தது. மூச்சு வாங்க, சனிக்கிழமையில் இருந்து வகுப்பை அன்ரி எடுக்க வேண்டும், நான் வரவு எழுதுகிறேன், பிரதி எடுக்கிறேன் என்று சொன்னாள். சொல்லும்போது அவளுக்கே தான் நல்லவள் போலத் தோன்றியது. அந்த நினைப்பு சிவகலாவின் முகத்தைப் பார்த்ததும் கருகிப்போனது.

"எனக்கு இப்ப வேண்டாம், வேணுகா. அப்பதான் வேண்டியிருந்தது. அப்ப எனக்கு விசா இல்லை, வேலை இல்லை. இருந்தது அந்த ஒரு வகுப்புத்தான். நீர் பேர்னுக்கு மாட்டன் எண்டு எழுதலாம். நான் சங்கத்துக்கு மாட்டன் எண்டு சொன்னா ஆரிட்டைப் போறது? ரெண்டு மாசம் உமக்குப் போட்டோக்கொப்பி எடுத்துத் தந்தனான்."

எனக்கு ஒன்றும் தெரியாது, எனக்கு ஒருவரும் சொல்லவில்லை என்ற பதில் வேணுகாவின் நாக்கு நுனியில் வந்து நின்றது. ரீச்சருக்கு நேரம் வசதிப்படவில்லையாம் என்று அப்பா அன்றைக்குச் சொன்னது உண்மைதான். ஆனால் பத்தொன்பது வயதுப் பெட்டை கரும்பலகைக்கு முன்னால் நின்று பிழைபிழையாக விளங்கப்படுத்த, பின்சுவரோடு, பிரதி எடுத்த சூடான தாள்களைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றவரின் கண்களை அவள் பார்த்துத்தான் இருந்தாள். பார்த்துவிட்டு, பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பதும் பொய். அப்போதே அவளுக்குத் தெரிந்திருந்தது.

பேருந்து வளைவில் தெரிந்தது. சிவகலா பயண அட்டையைக் கையில் எடுத்தார்.

"நான் ஏன் பின்னுக்கு நிண்டனான் எண்டு உமக்கு உண்மையாத் தெரியாதோ?"

"தெரியும், அன்ரி" என்றாள் வேணுகா.

சிவகலா தலையாட்டினார். பேருந்தில் ஏறி, மற்றப் பக்கத்து யன்னலோரம் போய் இருந்துகொண்டார்.