பெருந்தொற்றுப் பல்லியமும் பாலோ வீரமுத்துவும்

தமிழ்கூறு நல்லுலகத்தீர், கைவேலையை நிறுத்திவிட்டுச் செவிசாய்ப்பீராக. கொள்ளைநோயால் மாந்தரினம் பட்ட பாடனைத்தையும் நாற்பத்தேழு மணித்துளிக்குள் அடக்கிய பேரிசையொன்று, சொகூர் மாநிலத்து ஸ்கூடாய் நகரில் அரங்கேறிய வரலாறு இது. அந்நோய் வந்ததே இப்பேரிசைக்கு முன்னுரையாகத்தான் என்பது, அதனை இயற்றிய ஹேமநாதனாரின் அடக்கமான கருத்து.

ஞாயிற்றுக்கிழமை மாலை. செம்பனைக் காடுகளுக்கப்பால் கதிரவன் சாய, சிங்கப்பூர் சென்று மீண்ட ஊர்திகள் எறும்புநிரைபோல் பெருவழியை அடைத்து ஊர, மழை இதோ வந்தேன் என்று மிரட்டுவதும் பின்வாங்குவதுமாக வானம் விளையாட, நகரத்து மண்டபத்தில் முந்நூறு தமிழர் வந்தமர்ந்தனர். மேடைமேல், பல கருவிகள் கூடி ஒலிக்கும் பல்லியத்தின் இருபத்தெட்டுக் கலைஞர். அவர்தம் கடைசி வரிசையில், இரவல் கருஞ்சட்டை கழுத்தை இறுக்க, மடிமேல் பறையுடன் பாலோ வீரமுத்து.

பாலோ வட்டாரத்தில் முப்பதாண்டுகளாக இவன் பறை ஒலியாமல் எந்தப் பாடையும் எழுந்ததில்லை. பறையின்றி எழுந்த ஒரே பாடை இவன் மனைவி செல்லத்தினுடையது. நோய் உச்சத்திலிருந்த ஆண்டில், முகமும் காட்டாமல் நெகிழியிற் பொதிந்து, நால்வர் வந்து கொண்டுபோயினர். பின்னொரு நாள் வீட்டிலேயே அடித்து ஆறுதல் கொள்ளலாமெனின், சாவில்லாத வீட்டில் சாவுப்பறை அடித்தால் அடுத்த சாவை அழைத்ததாகும் என்பது ஊர் வழக்கம். ஆகவே அவளுக்குரிய அடி நான்காண்டுகளாக அவன் கையிலேயே கிடந்தது. நோயில் மாண்டோர்க்கான இசை என்று கேள்வியுற்றதும், கூப்பிட்ட குரலுக்கு வந்துவிட்டான்.

ஆனால் ஒத்திகையில் தெரிந்த செய்தி வேறு. ‘பேரமைதி’ என்னும் இறுதிப் பகுதியில் கலைஞர் யாவரும் நான்கு மணித்துளி வாளா இருக்க, முடிவிற் பறை ஒரேயொரு முறை ஒலிக்கும்.

“ஒரு அடிதானா தம்பி?”

“அந்த ஒரு அடியிலதாண்ணே உலகத்தோட துக்கமே இருக்கு. உங்களுக்குப் போகப்போகப் புரியும் லா.”

“சாவு வீட்டுல ஒரு அடியோட நிறுத்துனா, பொணமே எழுந்து ஏன்னு கேக்கும் தம்பி.”

ஹேமநாதனார் புன்னகைத்தார். மேதைகள் அப்படித்தான் புன்னகைப்பர்.

அரங்கேற்றத்தில் பேரமைதி தொடங்கியது. இருமல் நான்கு, கைப்பேசி ஒன்று, குளிர்பொறியின் முனகல், இவையன்றி ஓசையில்லை. முடிவில் ஹேமநாதனார் கோலை உயர்த்தினார். வீரமுத்து அடித்தான். பிறகு நிறுத்தவில்லை. பாடையைத் தோளிலேற்றும்போது அடிக்கும் அடியை, ஒரு சுற்றும் குறையாமல், கண்ணை மூடி, செல்லத்துக்கென்று அடித்து முடித்தான். நடுவில் ஹேமநாதனார் கோலால் காற்றைக் கிழித்ததை அவன் காணவில்லை.

அந்த அடி கேட்டபின் தமிழர் உட்கார்ந்திருப்பதில்லை. முன்வரிசை எழுந்தது, பின் மண்டபமே எழுந்தது. தம் பொருட்டே எழுந்தனரெனக் கொண்ட ஹேமநாதனார், சினம் தணிந்து இடுப்பளவு குனிந்தார். அவர் நிமிர்வதற்குள் பாதி இருக்கைகள் வெறுமையாயிருந்தன. எவரும் கைதட்டவில்லை, போய்வருகிறேன் என்று எவரும் எவரிடமும் சொல்லவில்லை.

அவர் வாயிலுக்கு ஓடி, உலு திராமிலிருந்து வந்திருந்த யோகேஸ்வரியை மறித்தார்.

“அக்கா, கீழ சாப்பாடு இருக்கு. சாப்பிட்டுட்டுப் போங்க.”

“குளிக்காம எப்படித் தம்பி சாப்பிடறது? எங்கப்பாவும் அந்த வருசந்தான் போனாரு. அவருக்கும் சேத்து அடிச்சிட்டாரு அந்த அண்ணன்.”

“என் இசை எப்படி இருந்துச்சுக்கா?”

அவள் சற்றே எண்ணிப் பார்த்தாள். “அதுக்கு முன்னாடி வாசிச்சீங்களே, அதுவா?”

வீரமுத்து மண்டபத்தின் பின்புறக் குழாயில் தலையை நனைத்துக்கொண்டு, ஒருவரிடமும் விடைபெறாமல் பாலோவுக்குப் புறப்பட்டான். உயிர் நிலையாது, புகழ் அதனினும் நிலையாது என்பர் சான்றோர்.

முந்நூறு உளுந்து வடையும் மிஞ்சின.