கூடக் கேட்டவன்

கண்மாய் மீன் ஏலம் என்றால் அந்த ஊரில் மலைச்சாமி ஒருவன்தான் கேட்பான். முந்தின நாளே கிடா வெட்டி ஊருக்குச் சோறு போட்டுவிடுவான். கறி தின்ற வாய் மறுநாள் அவனுக்கு மேல் எப்படிக் கேட்கும்? வருசா வருசம் அடிமாட்டு விலைக்குக் கண்மாய் அவன் கைக்குப் போனது. காலனிக்காரர்களுக்கு அந்தப் பந்தியிலும் இடமில்லை, ஏலத்திலும் வாயில்லை.

தமிழ்வாணி அந்தக் காலனியில் பிறந்தவள், திருமங்கலத்தில் ஒரு கல்லூரியில் முதலாண்டுப் பிள்ளைகளுக்குப் பொருளாதாரம் நடத்துகிறவள். தம்பி ராஜபாண்டியைக் கிளப்பிவிட்டது அவள்தான்.

"கூடக் கேக்குறவனுக்குத்தான்டா சரக்கு. அவன் கறிய நம்ம திங்கலயே, பெறகென்ன பயம்?"

அவனும் போய் இரண்டு மடங்கு கேட்டான். அதிகாரி அவன் பேருக்கே முடித்துக் கொடுத்தார். விசயம் அத்தோடு தீர்ந்தது என்று அக்காள் நம்பினாள். படித்த முட்டாள்! அரிவாளுக்கு எந்தப் பாடப்புத்தகத்தில் அத்தியாயம் இருக்கிறது?

மீன்பிடி அன்று காலை, வலை கரையை நெருங்கும்போது மலைச்சாமி ஆட்களோடு வந்து இறங்கினான். வலை இழுத்தவர்களை விளாசினார்கள். ஒருவனுக்கு மண்டை பிளந்தது, மற்றவர்கள் ஓடினார்கள். தம்பியின் முதல் மீன்பிடியைப் பார்க்க வந்து கரையில் நின்ற தமிழ்வாணியின் கூந்தலை ஒரு தடியன் சுருட்டிப் பிடித்தான். மலைச்சாமி இடுப்பளவுத் தண்ணீரில் ராஜபாண்டியின் கழுத்தை அமுக்கி, பிறகு தூக்கினான்.

"ஏலத்த விட்டுட்டேன்னு சொல்லுடா."

மூக்கில் ரத்தமும் சேறும் ஒழுக ராஜபாண்டி சொன்னான்: "இன்னும் பத்தாயிரம் சேத்துக்க."

மலைச்சாமி மறுபடி அமுக்கினான். தமிழ்வாணி கத்தினாள்.

"அய்யா, விட்டுட்டோம்யா. கண்மாய நீங்களே எடுத்துக்கங்க." மலைச்சாமி தெருக்காரர் யாரையும் அவள் அதுவரை அய்யா என்று சொன்னதில்லை.

"பொம்பள சொல்லு செல்லாது. அவன் சொல்லணும்."

தலை மேலே வந்தது. "இருபது," என்றான் தம்பி.

மூன்றாம் முறை அமுக்கியதில் தண்ணீரை அடித்துக்கொண்டிருந்த அவன் கைகள் ஓய்ந்துபோயின. தமிழ்வாணி தடியனின் மணிக்கட்டை எலும்பு தட்டுப்படக் கடித்தாள். அவன் அலறிக் கையை விட்டான். வலைக்கு ஊன்றியிருந்த மூங்கிலைப் பிடுங்கிக்கொண்டு தண்ணீரில் பாய்ந்து மலைச்சாமியின் பிடரியில் போட்டாள். திரும்பவும் போட்டாள். மூங்கில் பிளந்தது, அவன் சாய்ந்தான், தண்ணீர் சிவந்தது. ஓடிய காலனி ஆட்கள் கல்லும் கட்டையுமாகத் திரும்புவதைக் கண்டதும் அவன் கூட்டம் அவனை இழுத்துக்கொண்டு கரையேறியது. அவனுக்கு உயிர் இருந்ததா என்று அவள் பார்க்கவில்லை.

தம்பியைக் கரையில் குப்புறப் போட்டு முதுகில் குத்தினாள். "மூச்சு விடுடா, பாவி." நாலைந்து குத்துக்குப் பிறகு அவன் சேற்றுத் தண்ணீரைக் கக்கினான், கண் திறந்து வலைப் பக்கம் பார்த்தான்.

"மீனு கெட்டுரும்க்கா. ஐஸ் வண்டிய வரச் சொல்லு."

ரத்தக் கையோடு கரையில் விழுந்து கிடந்த போனை எடுத்து வண்டிக்காரரை அழைத்தாள். போலீஸ் தன்னைத்தான் தேடி வரும் என்று அவளுக்குத் தெரியும். அதற்குள் ஐஸ் வண்டி வந்துவிட வேண்டுமே என்றுதான் மனசு அடித்துக்கொண்டது.