வலச் சிறகின் இறகு

அன்று காலை என் கணவன் ஃபாந்தின் என்னிடம் பேசியது வெங்காயத்தைப் பற்றி. மத்தி மீன் மேல் கொட்டுவதற்காக வெங்காயத்தை வதக்கிக்கொண்டிருந்தேன்.

"போன தடவ மாதிரி கருக விட்டுடாத," என்றான்.

"நீ எறகச் சீவுற வேலயப் பாரு."

"எங்க பாக்குறது, அதுதான் என் கண்ணப் பாக்குது."

நாங்கள் எழுதி விற்ற மந்திரப் புத்தகத்தை வாத்தின் வலச் சிறகிலிருந்து பிடுங்கிய இறகால்தான் எழுத வேண்டும் என்பது விதி. வலக்கையால் எழுதுபவர்களுக்கு இடச் சிறகின் இறகே தோதுப்படும். மற்றது முகத்தை நோக்கி வளைந்து கண்ணில் இடிக்கும். ஆவிகளை அழைக்கும் முறைகளை முதலில் எழுதிவைத்தவன் இடக்கைக்காரனாகத்தான் இருந்திருப்பான் என்று ஃபாந்தின் சொல்வான்.

அந்த நாட்களில் வெனிஸில் எங்களிடம் வந்தவர்கள் சூதாடிகள், புதையல் தேடிகள், எவள் மீதோ ஆசைப்பட்டு உருகிய ஒன்றிரண்டு பாதிரிமார். அச்சடித்ததில் சக்தி இறங்காது என்பார்கள். கையால் எழுதியிருக்க வேண்டும். வளர்பிறையில் தொடங்கி முழுநிலவுக்குள் முடித்திருக்க வேண்டும். முதல் எழுத்திலிருந்து கடைசி மந்திர வட்டம் வரை ஒரே கை. இரண்டு கை பட்டால், யாருக்கு அடங்குவது என்று ஆவிகள் குழம்பிவிடுமாம். வாங்க வருகிறவர்கள் புத்தகத்தை ஜன்னலருகே கொண்டுபோய் எழுத்தெழுத்தாகப் பார்ப்பார்கள்.

ஒரு கையால் அதற்குள் முடிக்க முடியாது. அதனால் ஒரு குளிர்காலம் முழுக்க எதிரெதிரே உட்கார்ந்து நானும் அவனும் ஒரே கையெழுத்தைப் பழகினோம். சாய்வு அவனுடையது, சுழிகள் என்னுடையவை. பிறகு புத்தகத்தின் முன்பாதியை அவன் எழுதினால் பின்பாதியை நான் எழுதுவேன். எனக்கு எழுதத் தெரியும் என்பது தெருவில் மேல்வீட்டு ஜுவானா அக்காவுக்கு மட்டும்தான் தெரியும். கப்பலில் வேலை பார்க்கும் அவள் மகனுக்கு நான்தான் கடிதம் எழுதிக் கொடுப்பேன்.

வெங்காயம் சிவக்கும் முன்பே கதவு தட்டப்பட்டது. திருச்சபை விசாரணை மன்றத்தின் எழுத்தரும் இரண்டு சேவகர்களும் நின்றார்கள். எழுத்தரின் கையில் இருந்தது நாங்கள் எழுதிய புத்தகம்.

"இது யார் எழுதுனது?"

"நான்தாங்க ஐயா," என்றான் ஃபாந்தின்.

"முழுசுமா? உன் பொண்டாட்டியும் எழுதுறான்னு இத வாங்குனவன் சொல்லியிருக்கான்."

"அவளுக்கு வெங்காயமே ஒழுங்கா வதக்க வராதுங்க."

எழுத்தர் அவனைச் சில வரிகள் எழுதச் சொன்னார். எழுதினான். அவர் அந்தத் தாளைப் புத்தகத்தின் பின்பாதியில், என் பக்கங்களின் மேல் வைத்துப் பார்த்தார். அடுப்பில் வெங்காயம் கருகத் தொடங்கியது. நான் நகரவில்லை. தாளை முன்பாதிக்கு மாற்றினார். மறுபடி பின்பாதிக்கு. பிறகு இறகை என்னிடம் நீட்டினார்.

"உன் பேர எழுது."

அகப்பையைப் பிடிப்பதுபோல் அதை முஷ்டியில் பிடித்துக் குனிந்தேன். வளைந்த நுனி நேராகக் கண்ணில் குத்தியது. நடிக்கத் தேவையிருக்கவில்லை, கண்ணீர் கொட்டியது.

சத்தம் கேட்டு வாசலுக்கு இறங்கி வந்திருந்த ஜுவானா அக்கா சிரித்தாள்.

"அவ கையில போய் எறகக் குடுக்குறீங்களே சாமி. வாத்த முழுசாக் குடுங்க, நல்லா உரிப்பா."

சேவகர்கள் சிரித்துவிட்டார்கள். நான் பேருக்குப் பதிலாகக் கோணலாக ஒரு சிலுவை போட்டேன். ஆரம்பம் முதல் முடிவு வரை ஒரே ஆளின் எழுத்து என்று எழுத்தர் குறித்துக்கொண்டார்.

ஃபாந்தினை அழைத்துப் போனார்கள். வாசலில் திரும்பி, "அடுப்ப அணச்சிடு, ஓர்சோலா," என்றான். அந்த இலையுதிர்காலத்தில், தீர்ப்பு வருவதற்கு முன்பே, சிறையில் காய்ச்சல் கண்டு இறந்துபோனான்.

எங்கள் புத்தகங்களால் யாருக்கும் புதையல் கிடைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. ஒரு ஆவியும் வந்ததில்லை. ஆனால் ஒரே கையாக இருக்க வேண்டும் என்று விதி வைத்தவனுக்காக வருடந்தோறும் ஒரு மெழுகுவத்தி ஏற்றுகிறேன். பாதிரியாரிடம் யாருக்கென்று சொல்வதில்லை. அந்த விதி இல்லாதிருந்தால் ஃபாந்தின் என் எழுத்தைக் கற்றிருக்க மாட்டான். அவன் பின்னாலேயே நானும் சிறைக்குப் படியிறங்கியிருப்பேன். ஜுவானா அக்கா உயிரோடு இருந்தவரை அந்த நாளைப் பற்றி என்னிடம் பேசவே இல்லை. மகனுக்குக் கடிதம் எழுத வேண்டுமென்றால் மட்டும், கதவைச் சாத்திவிட்டுத் தாளை நீட்டுவாள். அவளுக்கு எழுதிக் கொடுத்த ஒவ்வொரு வரியிலும் சாய்வு ஃபாந்தினுடையதாகவே இருந்தது. என் கையிலேயே தன்னை விட்டுப் போயிருக்கிறான். இதைவிடப் பெரிதாக யார் எதைக் கொடுத்துவிட முடியும்?

இதையும் அப்படித்தான் எழுதுகிறேன். வலச் சிறகின் இறகு இன்னும் முகத்தை நோக்கியே வளைகிறது.