இரண்டாவது கையெழுத்து

அவள் எங்கள் ஆய்வகத்துக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. நான் பதினான்கு வருடமாக இங்கே போலீஸ் அனுப்பும் பொட்டலங்களைப் பிரித்து, உள்ளே இருப்பது என்ன போதைப்பொருள் என்று சொல்லிவருகிறேன். ஆனாலும் டைரக்டர் வாயைத் திறந்தால் அவள் புராணம்தான். மனதுக்குள் அவளுக்கு மகாராணி என்று பட்டம் கொடுத்திருந்தேன். என் வயிறு எரிந்ததை ஒளிப்பானேன்?

அன்று மகாராணியின் அறிக்கை என் மேஜைக்கு வந்தது. ஒருவர் சோதித்ததை இன்னொருவர் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் அது கோர்ட்டுக்குப் போகும். பொட்டலத்தில் இருந்த வெள்ளைத் தூள் தடைப் பட்டியலில் இல்லை என்று முடித்திருந்தாள்.

இந்தத் தூள்களைத் தயாரிப்பவர்கள் எமகாதகர்கள். சட்டம் ஒரு மருந்தைப் பெயர் சொல்லித் தடை செய்தால், அதன் மூலக்கூறில் ஒரே ஒரு அணுவைப் பக்கத்து இடத்துக்கு நகர்த்திவிடுவார்கள். மூளைக்குள் போனால் கிட்டத்தட்ட அதே ஆட்டம்தான், சிலசமயம் இன்னும் மோசம். சட்டத்துக்கு மட்டும் அது வேறு ஆள்.

அறிக்கையோடு அவள் மேஜைக்குப் போனேன். "இதே தூள் முன்னாடி எங்கிட்ட வந்துச்சு. தடை செஞ்சதுன்னு நான் எழுதிக் கொடுத்து, அந்த லாரி டிரைவர் எட்டு மாசமா உள்ள இருக்கான். அடுத்த வாரம் தீர்ப்பு. நீ என்னடான்னா இல்லைங்கறே!"

"நீங்க மூலக்கூறோட எடை பார்க்கிற மெஷின்ல மட்டும் வச்சீங்களாக்கா? ரெண்டுக்கும் எடை ஒண்ணுதான். அணு எங்க இருக்குன்னு அதுக்குத் தெரியாது. நான் அகச்சிவப்பு ஒளியிலயும் வச்சுப் பார்த்தேன், அதுல அணு இடம் மாறினா கோடே மாறிடும்."

எனக்கே பாடமா? அவள் மூக்கை உடைத்தே தீருவது என்று, டிரைவர் வழக்கில் மீதமிருந்த தூளைக் கிடங்கிலிருந்து எடுத்து வந்தேன். அகச்சிவப்புக் கருவியில் வைத்தேன். திரையில் மேடும் பள்ளமுமாக வந்த கோடு, தடை செய்த மருந்தின் கோட்டோடு ஒட்டவில்லை. மகாராணி சோதித்த தூளின் கோட்டின் மேல் அப்படியே படிந்தது.

தப்பு என் பழைய அறிக்கையில்தான். டிரைவர் வழக்கின் பொட்டலம் வந்த அன்று வேலை குவிந்திருந்தது, மெஷின் ஒரு பெயர் சொன்னது, எழுதிவிட்டேன். இரண்டாவது கையெழுத்துப் போட்ட பெரியவர், "நீ பார்த்தா சரியாத்தாம்மா இருக்கும்" என்று தாளைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்போது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது!

பொட்டலத்தை மறுபடி ஒட்டி உள்ளே வைத்தால் ஒருவருக்கும் தெரியாது. கொஞ்ச நேரம் அதையும் யோசித்தேன். டிரைவரை நினைத்ததைவிட, அவள் முன்னால் தலைகுனிய வேண்டுமே என்றுதான் அதிகம் நினைத்தேன். அது எனக்கே அசிங்கமாகப் பட்ட பிறகுதான் திருத்த அறிக்கையை எழுதினேன்.

அதற்கும் இரண்டாவது கையெழுத்து வேண்டும். ஆய்வகத்தில் அன்று இருந்தது அவள் ஒருத்திதான்.

"என் தப்புதான். எல்லாம் எழுதியிருக்கேன், போட்டுடு" என்று பேனாவை நீட்டினேன்.

அவள் முழுதும் படித்தாள். முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பாவது வந்திருந்தால் தேவலையாக இருந்திருக்கும், வெறுக்க வசதி. பேனாவை வாங்காமல் கையுறையை மாட்டிக்கொண்டாள்.

"கோவிச்சுக்காதீங்கக்கா. தூளைக் கொடுங்க, நானும் ஒரு தடவை வச்சுப் பார்த்துட்டுப் போடறேன்."

எட்டு மாதத்துக்கு முன் நான் செலவழிக்காத அந்த ஒரு மணி நேரத்தை அவள் செலவழித்தாள். நான் பக்கத்திலேயே நின்றேன், வயிறு எரிய.