டி டிரைவுக்கு நல்ல நேரம்

நாகேஸ்வரனுக்கு ராகுகாலம் என்றால் ராகுகாலம்தான். செகரட்டேரியட்டில் வேலை பார்த்த நாளில் மந்திரியின் கோப்பே வந்தாலும் வெள்ளிக்கிழமை பத்தரைக்கு மேல் அதில் பேனா வைக்க மாட்டார். தட்டமுடியாத அவசரம் என்றால் அதற்கும் வழி வைத்திருந்தார். பத்தேகாலுக்கே முதல் வரியை மட்டும் எழுதித் தொடங்கி வைத்துவிடுவார். தொடங்கிய காரியத்தைத் தொடரலாம், தோஷமில்லை. ராகுவுக்கும் பெப்பே, மந்திரிக்கும் பெப்பே.

அந்தச் சாமர்த்தியம்தான் ஓய்வு பெற்ற பிறகு ஒரு வெள்ளிக்கிழமை அவரை வினையில் கொண்டுபோய் விட்டது.

விஷயம் இதுதான். அவர் மனைவி அனந்தலக்ஷ்மி நான்கு வருஷமாகத் தமிழில் குறுக்கெழுத்துப் புதிர்கள் போட்டு வந்தாள். கட்டம் வரைவது, குறிப்பு எழுதுவது, பிடிக்காமல் அழிப்பது எல்லாம் பழவங்காடியை அடுத்த கோட்டைக்குள் இருந்த அவர்கள் வீட்டு நடு அறையில் இருந்த ஒரு கிழட்டுக் கம்ப்யூட்டரில்தான். அதைப் போட்டால் பக்கத்து வீட்டில் மாவரைக்கிறார்களோ என்று தோன்றும். புதுசு வாங்கித் தருகிறேன் என்று மகள் ஜானவி கெஞ்சியும் அவள் மசியவில்லை. அவளுக்குக் கை பழகிய தமிழ் எழுத்து அதில் மட்டும்தான் ஓடும்.

புதிர்களெல்லாம் சேர்ந்து இப்போது புத்தகமாகப் போகின்றன. பழவங்காடியில் அச்சகம் வைத்திருக்கும் அழகியநம்பி கறாராகச் சொல்லியிருந்தார்: இன்று மத்தியானத்துக்குள் ஃபைல் வந்தால் உண்டு, நாளையிலிருந்து காலண்டர் வேலை, தை பிறந்துதான் அடுத்த பேச்சு. கடைசி ஃபைலைத் தயார் பண்ணும் நேரம் பார்த்துக் கம்ப்யூட்டர் சண்டித்தனம் செய்தது. சி டிரைவில் இடமில்லையாம். இல்லாமல்தானே போகும்? அங்கே நாகேஸ்வரன் சேர்த்து வைத்த உபன்யாச வீடியோக்கள் கழுத்துவரை கிடந்தன. அதில் ஒன்றைக்கூட அழிக்க விடமாட்டேன் என்று அவர் மல்லுக்கு நின்றார்.

டெக்னோபார்க்கில் வேலை பார்க்கும் ஜானவிக்கு அன்று வீட்டிலிருந்தே வேலை. காலையில் கம்ப்யூட்டரைத் திறந்து, டிஸ்க் எப்படிப் பிரிந்திருக்கிறது என்று அப்பாவுக்குக் காட்டினாள். திரையில் இரண்டு நீலப் பட்டைகள்.

"இது சி, தளும்பிண்டிருக்கு. இது டி, பாதிக்கு மேல காலி. அம்மாவோட புதிரெல்லாம் டிலதான் இருக்கு. டிலேர்ந்து கொஞ்சம் எடம் எடுத்து சிக்குக் குடுக்கணும், அவ்ளோதான். அதுக்கு முன்னாடி அம்மா ஃபைலை பென்டிரைவ்ல காப்பி பண்ணிக்கணும். இப்போ எனக்கு மீட்டிங். முடிஞ்சதும் வரேன். அதுவரைக்கும் தொடாதே அப்பா, கேட்டோ?" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனாள்.

மீட்டிங் முடியப் பதினொரு மணி ஆகும். பதினொரு மணி நட்டநடு ராகுகாலம். அனந்தலக்ஷ்மியோ அட்டைப்படம் பார்க்க அச்சகத்துக்குப் போயிருந்தாள். தட்டிக் கேட்கக் கீழே ஆளில்லை.

'ஒரு சாஸ்திரத்துக்குத் தொட்டு வெச்சா என்ன கொறஞ்சு போச்சு?' என்று நாகேஸ்வரனுக்குத் தோன்றியது. பத்தேகாலுக்குப் பழவங்காடிப் பிள்ளையாரை நினைத்துக்கொண்டு உட்கார்ந்தார். டியிலிருந்துதானே எடுக்க வேண்டும்? டியின் மேல் அம்பை வைத்து மவுசின் வலது பக்கம் அழுத்தினார். பட்டியலாக ஏதோ இறங்கியது. மூக்குக்கண்ணாடி பூஜை அறையில் இருந்தது. உத்தேசமாக ஒன்றைத் தட்டினார். பொடி எழுத்தில் ஒரு கேள்வி வந்தது. கீழே 'யெஸ்', 'நோ' என்று இரண்டு கட்டங்கள்.

அந்த வீட்டில் அரிசி தீர்ந்தால்கூட 'நெறைஞ்சிருக்கு' என்றுதான் சொல்வார்கள். நல்ல நேரத்தில் 'இல்லை' என்று சொல்லலாமா? அவர் 'யெஸ்' அழுத்தினார்.

நீலமாக இருந்த டி கறுப்பாகிவிட்டது.

ஓடிப்போய்க் கண்ணாடியை எடுத்து வந்தார். கறுப்புப் பட்டையில் 'ஒதுக்கப்படாதது' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. ஆபீஸ் இங்கிலீஷ் அவருக்குத் தண்ணி பட்ட பாடு. ஃபைல்கள் இருக்கும் இடத்தைத் திறந்தார். சி மட்டும் தன்னந்தனியாக உட்கார்ந்திருந்தது. டியும் இல்லை, நான்கு வருஷப் புதிரும் இல்லை. வேறெங்கும் பிரதியும் இல்லை.

பதற்றத்தில் கறுப்புப் பட்டையை மறுபடி தட்டினார். புதிய பிரிவு உண்டாக்கட்டுமா என்று அது கேட்டது. உண்டாக்கினால் போன டி திரும்பி வந்துவிடும் என்று நப்பாசை. விரல் மவுசில் இறங்கப் போன நேரத்தில் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். பத்தரை.

ராகுகாலத்தில் புதுசாக ஒன்றை உண்டாக்குவதா? கொதிக்கிற அடுப்பைத் தொட்டவர்போலக் கையை இழுத்துக்கொண்டார். அப்புறம் கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு இதே நாற்காலியில் அனந்தலக்ஷ்மி தனக்குத்தானே சிரித்துக்கொண்டு குறிப்பு எழுதுவது ஞாபகம் வந்தது.

ஜானவி இறங்கி வந்து திரையைப் பார்த்ததும் முகம் வெளுத்தாள். "அப்பா! என்ன பண்ணினே?"

ஒளிக்காமல் சொன்னார்.

"அதுக்கப்புறம்? புதுசா டி உண்டாக்கினியா? ஃபார்மேட் பண்ணினியா? நெஜத்தைச் சொல்லு."

"உண்டாக்கலாம்னுதான் கை போச்சு. அதுக்குள்ள ராகுகாலம் வந்துடுத்து. சும்மா ஒக்காந்துட்டேன்."

ஜானவி ஒரு கணம் அவரையே பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். "நீ அழிச்சது வாசல்ல இருந்த பேர்ப்பலகையைத்தான். உள்ள சாமானெல்லாம் அப்படியே கிடக்கும். மேல புதுசா எதையாவது எழுதியிருந்தா போச்சு. ராகு காப்பாத்திட்டார் போ! நகரு, நான் தேடறேன்."

"பன்னண்டு ஆகட்டுமேடி..."

"நீதான் பத்தேகாலுக்கே தொடங்கி வெச்சுட்டியே? இது தொடர்ச்சி."

தன் அம்பு தன்மேலேயே பாய்ந்ததில் நாகேஸ்வரன் நாற்காலியை விட்டு எழுந்தார். ஜானவி தன் லேப்டாப்பில், தொலைந்த பிரிவுகளைத் தேடும் மென்பொருள் ஒன்றை இறக்கிப் பென்டிரைவில் ஏற்றினாள். பழைய டிஸ்கில் ஒரு எழுத்தும் பதியாதபடி, கம்ப்யூட்டரைப் பென்டிரைவிலிருந்தே கிளப்பித் தேடவிட்டாள். கிழம் முக்கி முனகித் தேடத் தொடங்கியது.

அந்த நேரத்தில்தான் அனந்தலக்ஷ்மி திரும்பி வந்தாள். நடந்ததை ஜானவி சொல்லச் சொல்ல, செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று கேட்டாள். பிறகு கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். கத்தியிருந்தால் நாகேஸ்வரனுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"தப்புப் பண்ணிட்டேன், லக்ஷ்மி," என்றார். "மன்னிச்சுக்கோ."

"அவ தொடாதேன்னு சொல்லியும் எதுக்குத் தொட்டேள்?"

"ராகுகாலத்துக்கு முன்னாடி தொடங்கினா ஒன் காரியம் நன்னா முடியுமேன்னு..."

அனந்தலக்ஷ்மி நிமிர்ந்தாள். "வீடு வாங்க நாள் பாத்தேள். ஜானவியை ஸ்கூல்ல சேர்க்க நேரம் பாத்தேள். என் புதிருக்கா பாத்தேள்? யார் கேட்டாலும் 'அவளுக்கு ஒரு டைம்பாஸ்'னு சொல்ற ஆளாச்சே நீங்கோ!"

நாகேஸ்வரனுக்குச் சுருக்கென்றது. இனி ஒளிக்க என்ன இருக்கிறது? "நீ போட்டதுல ஒண்ணைக்கூட என்னால முழுசா முடிக்க முடிஞ்சதில்லை. ஒளிச்சு வெச்சுண்டு முயற்சி பண்ணிப் பாத்தேன். ஒத்துக்க வெக்கமா இருந்தது. அதான் டைம்பாஸ்னு சொல்லிண்டு திரிஞ்சேன்."

அவள் உதட்டோரம் துடித்தது. சிரிப்பா அழுகையா என்று அவருக்குத் தெரியவில்லை. "எதுல தடுக்கினேள்?" என்று கேட்டாள்.

"எல்லாத்துலயும்தான்."

"கெடச்சாச்சு!" என்று ஜானவி கூவினாள்.

திரையில் டியின் பெயரும் அதன் கீழே புதிர்களின் பெயர்களும் வரிசையாக நின்றன. ஜானவி டிஸ்கின் அட்டவணையில் டியைத் திரும்ப எழுதி, கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள். அது மெல்ல எழுந்து வருவதற்குள் மூன்று பேரும் மூச்சுவிட மறந்தார்கள். டி வந்தது. அனந்தலக்ஷ்மி முதல் புதிரைத் திறந்து, கட்டங்களின் மேல் விரலால் தடவிப் பார்த்தாள். நாகேஸ்வரன் அங்கேயே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். சந்தோஷம்தான், வேறொன்றுமில்லை.

எல்லாவற்றையும் இரண்டு இடத்தில் பிரதி எடுத்த பிறகு, "சிக்கு இன்னும் எடம் வேணுமே," என்று ஜானவி இழுத்தாள்.

"உபன்யாசத்தையெல்லாம் வழிச்செறி," என்றார் நாகேஸ்வரன். மணி என்ன என்று கேட்கவில்லை.

கடைசி ஃபைலோடு கணவனும் மனைவியும் ஆட்டோ பிடித்துப் போனார்கள். பழவங்காடியில் வழக்கமான நெரிசல். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கும் கூட்டத்தைத் தாண்டி அச்சகத்துக்குள் நுழைந்தபோது அழகியநம்பி சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்து வைத்திருந்தார்.

"வாங்க மாமி, வாங்க சார். நீங்க வரலேன்னுல்லா நெனச்சேன்," என்று கையைக் கழுவிவிட்டு வந்தார். ஃபைலைத் திறந்து ஒரு புரட்டுப் புரட்டித் தலையாட்டினார். பிறகு அட்டையைத் திரையில் போட்டார். நடுவில் 'திருமதி நாகேஸ்வரன்' என்று அச்சுக் கோத்திருந்தது. "காலையில மாமி பாத்துட்டாங்க. சரிதான்னாங்க. சாரும் ஒரு பார்வை பாத்துருங்க."

நாகேஸ்வரன் பார்த்தார். பெரிய எழுத்தில் தன் பெயர். காலையில் இதைப் பார்த்து இவள் எப்படிச் சரி என்றாள்?

"இது தப்பு. எம்பேரை எடுத்துடுங்கோ," என்றார்.

"இருக்கட்டுமேன்னா," என்றாள் அனந்தலக்ஷ்மி. "எல்லாரும் அப்படித்தானே போடறா?"

"கல்யாணப் பத்திரிகைல போடட்டும். கட்டம் ஒன்னோடது, குறிப்பு ஒன்னோடது. ஒரு புதிரைக்கூட முடிக்கத் தெரியாதவன் பேர் இதுல எதுக்கு? அனந்தலக்ஷ்மின்னு மட்டும் போடுங்கோ, நம்பி."

அழகியநம்பி ஒருவரை மாற்றி ஒருவரைப் பார்த்துவிட்டுத் தட்டினார். பழைய பெயர் போய், அந்த இடத்தில் 'அனந்தலக்ஷ்மி' வந்து உட்கார்ந்தது. அவள் கிட்டப் போய் வாசித்தாள். பிறகு இரண்டடி பின்னால் நகர்ந்து, தலையைச் சாய்த்து மறுபடி வாசித்தாள்.

"நம்பி," என்றாள், "இன்னும் கொஞ்சம் பெரிசாப் போடலாமோ?"